யாளியின் இரண்டு காதுகள்

முன்னொரு காலத்தில், மலைகளெல்லாம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்த காலத்தில், மேல்மலை நாடும் அலைவாய் நாடும் அண்ணன் தம்பியாகப் பழகின. இரண்டுக்கும் நடுவே கணவாயில் ஒரு கல் யாளி. எதிரி வந்தால், நாட்டுக்கொருவராக இரண்டு காவலர்கள் அதன் காதைப் பிடித்து, "குதிரை வந்தால் எழுந்திரு, யானை வந்தால் எழுந்திரு, கப்பல் வந்தால் எழுந்திரு!" என்று வாக்குச் சொல்ல வேண்டும். கல்லுக்கு உயிர் வரும். எதிரி துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடுவான்.

நூறு வருஷமாக இதே வாக்கு. திருவிழாவில் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதில் இரண்டு நாட்டுக்கும் அப்படியொரு பெருமை!

வலது காதுக்குக் காவல் மேல்மலைக் காத்தாயி, இடது காதுக்கு அலைவாய் மாசானம். இவள் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. கல்யாணப் பந்தியில் யார் வீட்டாருக்கு முதல் இலை என்று மூண்ட சண்டையில் சம்பந்திகளுக்கு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. யாளியிடம் மட்டும் பேசுவார்கள்.

ஒருநாள் காலை கரியமாயன் என்ற மந்திரவாதி வந்தான். குதிரையில் வரவில்லை, யானையில் வரவில்லை, கப்பலில் வரவில்லை. புகையாக வந்தான்! அலைவாய் நாட்டில் புகை பட்டவர்களெல்லாம் உப்புச் சிலையானார்கள். காத்தாயியின் மகளும் மருமகனும் அடுப்படியிலேயே உப்பாக நின்றார்கள்.

மேலே கணவாயிலிருந்து ஊர் உப்பாவதைப் பார்த்த காத்தாயி வலது காதுக்கு ஓடினாள், மாசானம் இடது காதுக்கு ஓடினார். இருவரும் காதைப் பிடித்து வாக்கைச் சொன்னார்கள். யாளி ஒரு கண்ணைத் திறந்தது.

"குதிரையா?"

"இல்லை."

"யானையா?"

"இல்லை."

"கப்பலா?"

"இல்லை சாமி, புகை!"

"வாக்கில் புகை இல்லையே."

"அப்போ வாக்கை மாத்து!" என்று கத்தினாள் காத்தாயி.

"நான் யார் மாற்ற? நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், கேட்கிறேன்."

"புகை வந்தால்" என்றாள் காத்தாயி. "மந்திரவாதி வந்தால்" என்றார் மாசானம். யாளி அசையவில்லை. அடுத்த தடவை அவர் புகைக்கு மாறினார், இவள் மந்திரவாதிக்கு மாறினாள். புகை மலையேறத் தொடங்கிவிட்டது.

"அட, ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டு சொல்லித் தொலையுங்களேன்!" என்றது யாளி.

காத்தாயி மாசானத்தின் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி... என்னன்னு சொல்லலாம்?"

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "புகைன்னே சொல்வோம், சம்பந்தியம்மா. நீங்க ஆரம்பிங்க."

"புகை வந்தால் எழுந்திரு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

யாளி எழுந்தது. ஒரே மூச்சில் புகையை உறிஞ்சியது, ஒரே தும்மலில் துப்பியது. கரியமாயன் ஒரு பிடி கரியாகக் கீழே விழுந்தான். உப்பெல்லாம் கரைந்து ஊரே உயிர்த்தது. மகள் கண்ணைத் திறந்ததும், "ஐயையோ, சோறு குழைஞ்சு போச்சே!" என்று அலறினாளாம். அதைக் கேட்டுக் காத்தாயி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அன்றிலிருந்து திருவிழாவில் வாக்குச் சொல்லும் முன் இரண்டு ராஜாக்களும் எதிரெதிரே உட்கார்ந்து, "இந்த வருஷம் உங்களைப் புதிதாகப் பயமுறுத்தியது எது?" என்று கேட்டுக்கொள்வார்கள். பதிலெல்லாம் வாக்கில் சேரும். வாக்கு நீண்டு நீண்டு விருந்தே ஆறிப்போகும். ஆறட்டுமே! யாளிதான் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ம், அப்புறம்?" என்று கேட்கும்.