சமீன்தாரின் நீரூற்று

மாட்டுப் பொங்கலன்று மேலக்காரை சமீன்தாரின் அரண்மனைக்கு விருந்தினர் வந்திருந்தனர். முற்றத்து நீரூற்று ஆளுயரம் எழுந்து விழுந்தது. கமலைக்காரன் பேச்சிமுத்து தன் மாடுகளைக் கொண்டு தினமும் கிணற்றுநீரை இறைத்து மாடித் தொட்டியை நிரப்புவான். அந்த நீரே குழாய்வழி இறங்கி முற்றத்தில் பீறிடும்.

அரண்மனைப் புலவர் அனந்தர் விருந்தினருக்கு விளக்கினார்: "ஊற்று என்றால் தானே சுரப்பது. மற்ற ஊற்றுகளுக்கு மூலம் மண். இதற்கு மூலம் எசமானரின் புண்ணியம்."

சமீன்தார் பூரித்தார். அவ்வேளையில் நீர் முழங்கால் அளவுக்குத் தாழ்ந்தது. அவர் பேச்சிமுத்துவை அழைத்தார்.

"மாட்டைப் பூட்டுடா. முடியாதென்றால் நாளை முதல் வராதே."

அந்த ஒருநாள் மட்டும் மாட்டின் கழுத்தில் நுகம் வைக்காதது ஊர் வழக்கம். பேச்சிமுத்து கைகட்டி நின்றான்.

"பூட்டிடுறேன் சாமி. ஆனா, தண்ணி உங்க புண்ணியத்துல வருதுன்னு புலவரய்யா இப்பத்தான் சொன்னாரு. நான் மாட்டைப் பூட்டினா, அவரு பொய் சொன்னதா விருந்தாளிங்க நினைச்சுக்க மாட்டாங்களா?"

விருந்தினர் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். நீர் குழாயின் வாயோடு நின்றுவிட்டது.

சமீன்தார் சற்று யோசித்தார். "மாடு இன்று நிற்கட்டும்" என்றவர், அனந்தர் பக்கம் திரும்பினார்.

"புலவரே, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போம். என் புண்ணியத்தை நாற்பது வாளி இறைத்துவிட்டு வாரும்."