கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தலைவர்

செங்கொடித் தோல் தொழிலாளர் சங்கத் தலைவர் கோதண்டபாணி, தொழிலாளர் இடுகாட்டிலேயே தன்னைப் புதைக்கச் சொல்லிவிட்டுச் செத்தார். துணைத்தலைவர் அரங்கநாதன் கேட்கவில்லை. மாஸ்கோ போய்க் கண்ணாடிப் பெட்டியில் லெனினைப் பார்த்துவிட்டு வந்த மிதப்பு அவருக்கு. கிழவர் இருமிக் கிடந்த நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத மனுஷன்.

சங்கத்துக் குழிவெட்டி எத்திராஜைக் கூட்டத்துக்கு நடுவில் கூப்பிட்டார். "டேய், பெட்டியில வச்சு நூறு வருஷம் கெடாமப் பாத்துக்கணும். கெட்டுச்சு, உனக்கு வேலை கிடையாது."

"பாத்துக்கலாம் தோழர். அடக்கம் முடிஞ்சாத்தானே புதுத் தலைவர் தேர்தல்?"

"ஆமா, சங்க விதி அதுதான்."

"அப்ப நூறு வருஷத்துக்கு இவருதான் தலைவர். நீங்க துணை."

கூட்டம் சிரித்தது. அரங்கநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குழி எப்ப ரெடியாகும் தோழர்?"

எத்திராஜ் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தான். "நீங்களும் வெட்டினா, மத்தியானத்துக்குள்ள."