வெறும் கண்ணாடி

“அழுகிற மாதிரி அதுல என்னம்மா இருந்துச்சு?”

தமிழாசிரியர் அறவாழி இப்படிக் கேட்டபோது, செண்பகம் பாதி உடம்பைச் சாம்பார் அண்டாவுக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வாத்தியார்மாரைக் கண்டால் அவளுக்குப் பேச்சு வராது.

வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

“எதுலய்யா?”

“சினிமாவுலதான். வாசல்ல நின்னு பாத்தியே.”

பத்தாம் வகுப்புக்கு அந்த வருசம் புதுப் பாடம் வந்திருந்தது. பழைய பாட்டு ஒன்று, அதனுடன் புதுப் படம் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும்.

பாட்டை அறவாழி கரைத்துக் குடித்தவர். இருபத்தேழு வருசமாக நடத்துகிறார். படம்தான் பாகற்காய்.

காலையில் வகுப்பில் படம் ஓடியது. அதில் வரும் பெண், “நாலு நாள்ல வந்துடறேம்மா” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அடுத்தாற்போல் ஒரு கண்ணாடி. அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிற வெறும் கண்ணாடி. அதையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, இத எதுக்கு இவ்வளவு நேரம் காட்டுறாங்க?” என்றாள் ஒரு மாணவி.

“எடுத்தவனுக்கு வேற வேலை இல்ல.”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்க வந்து, படத்தைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துவிட்ட செண்பகம், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிகிறவரை அந்தப் பெண் வீடு திரும்பவில்லை.

“அவ திரும்பமாட்டான்னு உனக்கு அப்பவே தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுய்யா.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“அப்புறம் எப்படி?”

செண்பகம் அண்டாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

“உங்க வீட்டுல முகம் பாக்குற கண்ணாடி இருக்காய்யா?”

“இல்லாமலா?”

“அதைப் பாத்துட்டு வாங்க.”

அறவாழிக்குச் சுருக்கென்றது. திரும்பி நடந்தார்.

அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ‘இந்த வகுப்பை வேறு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று தலைமையாசிரியைக்கு எழுதியது. திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தார். கொடுத்தால் பத்தாம் வகுப்பு கையை விட்டுப் போகும். போனால் போகட்டும். பிள்ளைகள் முன்னால் தெரியாதவனாக நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

மறுநாள் சனிக்கிழமை.

கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். வழக்கம்போலத் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார்.

கை நின்றது.

எதற்காகச் சாய்க்கிறோம்?

கண்ணாடி ஓரமாகப் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டியிருந்தது. அரக்கு நிறத்தில் ஒன்பது புள்ளி. தினமும் அதற்கு விலகி விலகித்தான் முகம் பார்த்திருக்கிறார்.

“கோமதி, இதெல்லாம் என்ன?”

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

“பொட்டு. இன்னிக்குத்தான் கண்ணு தெரியுதாக்கும்.”

“இங்க எதுக்கு இருக்கு?”

“படுக்கப் போறப்ப எடுத்து ஒட்டுவேன். காலைல எடுத்து வச்சுக்குவேன். கல்யாணமான நாள்லேர்ந்து இதான் நடக்குது.”

“நீ ஊருக்குப் போனா?”

“அது பாட்டுக்கு இங்கயே இருக்கும். திரும்பி வரப்போறவ எதுக்கு உரிச்சுட்டுப் போகணும்?”

அறவாழி கத்தியைக் கீழே வைத்தார்.

“ஒரே ஒரு தடவை எல்லாத்தையும் உரிச்சு எடுத்துட்டுத்தான் போனேன்,” என்றாள் கோமதி.

“எப்ப?”

“நுரை காயுது. முகத்தைக் கழுவுங்க.”

தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே அவர் சமையல் கூடத்துக்கு வந்துவிட்டார். செண்பகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளைக் கையமர்த்திவிட்டு எதிரே திண்ணையில் உட்கார்ந்தார்.

“அந்தக் கண்ணாடில பொட்டு இல்ல,” என்றார்.

“ஆமாங்கய்யா. மொதல்ல அவ தலை சீவுறப்ப அதுல அஞ்சாறு இருந்துச்சு.”

“நான் பாக்கல.”

செண்பகம் கீரையைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஐயா, இந்தப் படத்தோட ஒரு பழைய பாட்டும் நடத்துறீங்களாமே. அதுல என்ன வருது? எனக்கும் சொல்லுவீங்களா?”

அவருக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதுலயும் ஒரு பொண்ணு வீட்டை விட்டுப் போயிடுறா. விரும்பினவன்கூட, விடியறதுக்குள்ள. காலைல அவளோட அம்மா முற்றத்துக்கு வர்றா. பொண்ணு தூக்கிப் போட்டுப் பிடிச்சு ஆடுன கழற்சிக்காயெல்லாம் அங்க போட்டது போட்டபடி கிடக்கு. அதை அள்ளி மடில கட்டிக்கிட்டு அழுவுறா. அந்தக் காய் வெறும் காய் இல்ல. அவ சின்னப் புள்ளையா இருந்த காலம் மொத்தமும் அது. இருபத்தேழு வருசமா இந்த இடம் வந்தா வகுப்புல ஊசி விழுந்தா கேக்கும்.”

செண்பகம் கீரையை முறத்தில் போட்டாள்.

“காயை விட்டுட்டுப் போயிட்டா. சரி. எதை எடுத்துட்டுப் போனா?”

அறவாழி வாயைத் திறந்தார்.

அந்தப் பாட்டுக்கு உரை எழுதினவர்கள் ஒருவர் பின் ஒருவராக மனசுக்குள் வந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மணி அடித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். பிரித்தார். திருப்பி, எழுதாத பக்கத்தை முழங்கால் மேல் வைத்து நீவிவிட்டார். பேனாவைத் திறந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா,” என்றார்.

செண்பகத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்.

“எதை எடுத்துட்டுப் போனா?”