முகம் கழுவி வந்த குருவி

நடுக்கடலில் ஒரு குட்டித் தீவு. அதன் பாறை உச்சியில் மரகதம் என்ற பச்சைப் பல்லி குடியிருந்தாள். அவள் வீடு ஒரு மணிப்பூ மரப் பொந்து. தீவில் மிஞ்சியதே இரண்டு மணிப்பூ மரங்கள்தான். இன்னொன்று பள்ளத்துக்கு அந்தப் பக்கம். ஒன்றின் மகரந்தம் மற்றதில் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். பல்லியால் பறக்க முடியுமா? அது குருவிகளின் வேலை.

குருவிகளோ அங்கே தலைகாட்டுவதே இல்லை! எப்போதோ கரையொதுங்கிய ஒரு மஞ்சள் கொடி தீவையே வளைத்துப் போட்டிருந்தது. அதன் பூவில் தேன் வழிந்தது. விடுவார்களா?

மணிப்பூக்கள் பூத்துப் பூத்து வெறுமனே உதிர்ந்தன. மரமோ கிழடு. இந்த வருஷம் விதை விழாவிட்டால் வம்சமே அற்றுப்போகும்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சீராளன் என்ற குருவியை மரகதம் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் வர வழி மறந்துபோச்சா?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா! அங்கே ஒரே பூவுல வயிறு ரொம்பிடுது. சரி, உங்களுக்காக வர்றேன்."

சொன்னபடி வந்தான். தினமும் கொடியில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, போகிற போக்கில் இரண்டு மரத்துக்கும் ஒரு நடை. அப்படியும் ஒரு பிஞ்சு இல்லை!

மரகதம் சும்மா இருப்பாளா? வாடிய பூக்களுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். மணிப்பூவின் மகரந்தம் வெள்ளை. காய் பிடிக்க வேண்டிய நுனியில் அப்பியிருந்ததோ மஞ்சள்!

அடுத்த முறை சீராளன் வந்ததும் வாயைப் பிளந்துகொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"நில்லு! உன் முகமெல்லாம் கொடியோட மகரந்தம். அதை அப்பிட்டா எங்க பூவுல வேற எது ஒட்டும்?"

"உதவிக்கு வந்தவனுக்கு இதுதான் மரியாதையா?"

"முகம் கழுவிட்டு வா. காலையில முதல்ல இங்கே வா!"

"வெறும் வயித்தோட, இந்தச் சொட்டுத் தேனுக்கா?"

"உப்புக்காத்து அடிச்சா அந்தக் கொடி கருகிடும்ப்பா. அந்த மாசத்துல உங்கம்மா உனக்கு எதை ஊட்டி வளர்த்தா?"

சீராளனுக்கு நினைவு வந்தது. இந்த மரத்துப் பழத்தைத்தான்! விருட்டென்று பறந்துபோனான்.

மரகதம் அசரவில்லை. மிச்சமிருந்த பூங்கொத்துகளுக்குக் காவல் உட்கார்ந்தாள். மஞ்சள் முகத்தோடு வந்த எவரையும் அண்டவிடவில்லை.

பொழுது விடிந்தது. சொட்டச் சொட்ட நனைந்தபடி சீராளன் வந்து உட்கார்ந்தான்.

"பாறைக்குழியில குளிச்சிட்டேன் அக்கா! நல்லாப் பாருங்க என் முகத்தை!"

மற்ற குருவிகள் கேலி செய்தன. அவன் சட்டை செய்யவில்லை. கடைசிப் பூ உதிரும்வரை வெறும் வயிற்றோடு வந்து, இரண்டு மரத்துக்கும் மாறி மாறிப் பறந்தான்.

உப்புக்காற்று வந்தது. மஞ்சள் கொடி சருகானது. மணிப்பூ மரங்களில் பழம் கொஞ்சம்தான். ஆனால் இருந்தது! கேலி செய்தவர்கள் பசித்த குஞ்சுகளோடு வந்து தலைகுனிந்து நின்றார்கள்.

"தின்னுங்க" என்றாள் மரகதம். "கொட்டையை மட்டும் கொடி இல்லாத இடமாப் பார்த்துப் போடுங்க. நமக்கு இன்னும் மரம் வேணும்!"

புது விருந்தில் மயங்கி, பஞ்சத்தில் காத்த மரத்தைப் போகிற போக்கில் கவனிப்பவன், அந்த மரத்தோடு தன் பிள்ளைகளின் சோற்றையும் இழப்பான்.