மலையில் நின்று அனுப்பிய அறிக்கை

கொடம்பை மலையில் செல்போன் சிக்னல் கிடையாது. கிராமச் செவிலியர் குருவம்மாள் அங்கே வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு, விவரத்தைப் போனில் பதிந்துகொள்வாள். அடிவாரத்துக்கு இறங்கி சிக்னல் கிடைத்ததும் எல்லாம் மொத்தமாக சர்வருக்குப் போய்ச் சேரும்.

கலெக்டர் கூட்டிய கூட்டத்தில் மேலதிகாரி தண்டபாணி மேசையைத் தட்டினார்.

"இருபத்திரண்டு குழந்தையும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஒரே நிமிஷத்துலயா? வீட்டுல உட்கார்ந்து பொய்க்கணக்கு எழுதியிருக்கே!"

மலையில் அட்டை கடித்த காலோடு நின்றிருந்தாள் குருவம்மாள்.

"அங்கே சிக்னல் இல்லை சார்."

"செவ்வாய்க்கிழமை நானே அங்கே போய் ஆய்வு பண்ணினேன். பதினோரு மணிக்கு, மலையில நின்னபடியே அறிக்கை அனுப்பினேன். எனக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன் சார். எப்படிப் போச்சு?"

கலெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருவரின் பதிவுகளையும் திரையில் திறக்கச் சொன்னார். பதிந்த நேரமும் இடமும் அதிலேயே இருந்தன. குருவம்மாளின் பதிவுகள் காலையிலிருந்து மலையில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும். தண்டபாணியின் அறிக்கை, பஸ் ஸ்டாண்டு எதிரே ஓர் ஓட்டலில்.

தண்டபாணி மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி இருக்கு சார்," என்றாள் குருவம்மாள் கலெக்டரிடம். "மருந்துப் பெட்டியை இவரே தூக்கிக்கிட்டு மலை ஏறட்டும்."

கலெக்டர் அதையே உத்தரவாகப் போட்டார்.