ராஜா கொடுத்த வெண்கலப் பானை

சத்தியமாகச் சொல்கிறேன், கேளுங்கள். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே விழட்டும்.

காரைக்குடியில் வள்ளிக்கண்ணு என்று ஒருத்தி. பழம்பொருளை மோந்து பார்த்தே வயசும் விலையும் சொல்லுவாள். ஒருமுறை ஒரு மரப்பெட்டியை மோந்துவிட்டு, அதைச் செய்த ஆசாரி அன்றைக்கு என்ன குழம்பு சாப்பிட்டார் என்றே சொல்லிவிட்டாள். அவளிடம் தொழில் கற்க வந்தவர் இருளப்பன், ஓய்வு பெற்ற தாசில்தார். குருவைவிடச் சீடருக்கு இருபது வயசு கூட.

"அம்மா, ஒரு பொருள்ல முதல்ல எதைப் பார்க்கணும்?"

"கொண்டு வந்த ஆளைப் பாருங்க சார். பொருள் எங்கேயும் ஓடாது."

அந்த நேரம் மாணிக்கவாசகமும் அவர் மனைவி குமுதவல்லியும் உள்ளே வந்தார்கள். ஒரு வெண்கலப் பானையைத் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போல அணைத்திருந்தார் அவர்.

"எங்க பாட்டனுக்கு ராஜா கொடுத்தது."

"எங்கம்மா எனக்குச் சீர் கொடுத்தது," என்றாள் குமுதவல்லி. "மகளுக்குன்னு பரண்ல வச்சிருந்தேன். இவுகளுக்கு இதை வித்து புல்லட் வாங்கணுமாம்."

"அந்த அம்மாவுக்குத்தான் ராஜா கொடுத்தாரு!"

"இந்த வாரத்துல இது ஆறாவது ராஜா," என்று வள்ளிக்கண்ணு துண்டை விலக்கினாள். பானை கண் கூசும்படி பளபளத்தது.

"புளி போட்டுத் தேய்ச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் குமுதவல்லி. "நாலு பேரு பார்க்கிற பொருளு, அழுக்கா கொண்டு வரலாமா?"

"போச்சு. அந்தப் பழங்கறுப்புக்குத்தான் லட்ச ரூபா. இனி எடைக்குத்தான் போடணும்."

மாணிக்கவாசகம் தலையில் அடித்துக்கொண்டார். ராஜாவைத் திட்டினார், புளியைத் திட்டினார், மாமியாரைத் திட்டினார். பெண்டாட்டியைத் திட்ட மட்டும் தைரியம் வரவில்லை. "நீயே கட்டிக்கிட்டு அழு!" என்று பானையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தார். அவள் தலையைக் குனிந்தபடி பின்னாலேயே போனாள்.

சீடருக்கு மனசு ஆறவில்லை.

"பாவம், விவரம் தெரியாத பொம்பளை. முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான்தான் சொன்னேன் சார். நேத்து அந்தம்மாவே போன் போட்டாக. புளி பட்டா பானை விலை போகாது தாயின்னேன்."

"அதுக்கு?"

"'எவ்வளவு புளி போடணும்?'னு கேட்டாக."

தாசில்தார் நோட்டை எடுத்து, 'கொண்டு வந்த ஆளைப் பார்' என்று எழுதிக்கொண்டார்.

உங்களை நம்பிச் சொல்லிவிட்டேன். மாணிக்கவாசகம் இன்றைக்கும் ரசத்தைக் கண்டால் முறைக்கிறார். இதைச் சொன்னது நான்தான் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.