சங்குக்கு வந்த பூனைகள்

விடை தெரிந்துவிட்டதென்று நடுவில் வாயைத் திறக்காதவர்களுக்கு மட்டும் இந்தக் கதை. மற்றவர்கள் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கலாம்.

ரயில்வே பட்டறையை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊர். அங்கே கடிகாரத்தை யாரும் சட்டை செய்வதில்லை. பட்டறையில் ஊதும் சங்குதான் கணக்கு. மத்தியானச் சங்கு ஊதினால் ஆண்கள் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவார்கள். குவார்ட்டர்ஸில் குடியிருந்த மரியபுஷ்பத்தின் பின்வாசலுக்கு அதே சங்குக்கு இரண்டு பூனைகளும் வந்து நிற்கும். செவலை என்று ஒரு கடுவன், சாம்பி என்று ஒரு பெட்டை. இரண்டும் வெளியிலேயே பிறந்து வெளியிலேயே வளர்ந்தவை. அவற்றுக்கு மீன் தலையும் சோறும் வைத்த பிறகுதான் புருஷன் ஆரோக்கியத்துக்குத் தட்டு விழும். இந்த வீட்டில் தனக்கு எப்போதும் மூன்றாம் பந்திதான் என்று அவர் அலுத்துக்கொள்வார்.

அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். போகிற இடம் ஆவடியில் மகன் வீடு, மாடி வீடு. மருமகளுக்கு மூச்சிரைப்பு, பூனை முடியே ஆகாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மரியபுஷ்பம் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. பூனைகளுக்கு இடம் தேடிக் கிளம்பினாள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர்கள்கூட அப்படித் துருவித் துருவி விசாரித்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் நாய் இருந்தது. இன்னொரு வீட்டில் எலிக்கு விஷம் வைக்கிற பழக்கம். கடைசியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாவு மில் வைத்திருந்த பிச்சைமுத்து, இரண்டையும் பிரிக்காமல் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மில்லைச் சுற்றி மதில் இருந்தது, மனுஷனும் நல்ல மனுஷன்.

அவரிடம் ஒரு வாக்கு வாங்கினாள். இடம் பழகும்வரை அறைக்குள் வைத்துச் சோறு போட வேண்டும். வெளியில் வளர்ந்தவை சுகமாக இருக்க வேண்டுமே, பழகிய பிறகு ஒருநாளும் பூட்டி வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வேதவல்லியிடம் இன்னொரு வாக்கு. பூனைகள் திரும்பி வந்தால் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. இதைக் கேட்கும்போது மரியபுஷ்பம் அழுதுவிட்டாள்.

இவ்வளவு யோசித்தவள் ஒன்றை யோசிக்காமல் விட்டாள். காலம் முழுக்கச் சங்குச் சத்தத்துக்கு நடுவிலேயே குடியிருப்பவர்களுக்கு அது காதில் ஏறுவதே இல்லை. அந்தச் சங்கு மாவு மில் வரைக்கும் கேட்கும்.

மரியபுஷ்பம் ஆவடிக்குப் போன பிறகு, பிச்சைமுத்து அறையைத் திறந்துவிட்ட அன்றே, மத்தியானச் சங்கு ஊதியதும் இரண்டும் மதில் தாண்டி, தண்டவாளம் தாண்டி, பூட்டிக் கிடந்த பின்வாசலில் போய் உட்கார்ந்துவிட்டன. வேதவல்லி சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவை கத்துவதைக் கேட்டு எத்தனை நாள்தான் அவளும் சோறு தின்பாள்? மனசு கேட்காமல் ஒரு கை குழம்புச் சோறு வைத்தாள். பிறகு தினமும் வைத்தாள். பிச்சைமுத்துவுக்கும் விஷயம் தெரியும். சங்கு நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தலாமா என்று யோசித்தார்தான். ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று இருந்துவிட்டார்.

ஒருநாள் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பும்போது செவலை கூட்ஸ் வண்டியில் அடிபட்டுச் செத்தது.

சேதி கேட்டு மரியபுஷ்பம் ஆவடியிலிருந்து ஓடி வந்தாள். பிச்சைமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "வாக்கை மீறி நேத்து சாம்பியை அடைச்சுப் பார்த்தேம்மா. கதவுல மோதி மோதி மூஞ்சியெல்லாம் ரத்தம். எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

அவள் பழைய வீட்டின் பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். சங்கு ஊதியது. சாம்பி மட்டும் தனியாக வந்தது. இவளைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பாதத்தில் முகத்தைத் தேய்த்தது. மரியபுஷ்பம் எழுந்தாள். ரயில்வேக்காரன் பெண்டாட்டி அல்லவா, பின்வாசலை ஒட்டிப் போகும் தண்டவாளத்தில் இரண்டு பக்கத்துச் சிக்னலையும் பார்த்தாள். வண்டி எதுவும் இல்லை. குனிந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்து சாம்பியின் விலாவில் அடித்தாள். அது கொஞ்சம் ஒதுங்கி நின்று அவளையே பார்த்தது, பிறகு மறுபடி கிட்டே வந்தது. இரண்டாவது கல் இன்னும் பலமாக விழுந்தது.

"போடி. இனிமே இந்தப் பக்கம் வந்தே, கொன்னுபோடுவேன்."

சாம்பி தண்டவாளம் தாண்டி மில் பக்கம் ஓடியே போய்விட்டது. வேதவல்லி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது? செவலையாவது வயிறார தின்னுட்டுச் செத்தான். இதை நீ உயிரோடவே கொன்னுட்டியே" என்றாள். மரியபுஷ்பம் கையை விடுவித்துக்கொண்டாள். மில் பக்கம் போகாமலேயே வண்டி ஏறினாள். அன்றைக்குப் பிறகு எந்தச் சங்குக்கும் சாம்பி தண்டவாளம் தாண்டவில்லை.

இப்போது வாயைத் திறக்கலாம். வாக்கை மீறிச் சோறு போட்டவள் ஒருத்தி, வாக்கைக் காத்துக் கதவைத் திறந்து வைத்தவர் ஒருவர், தன்னை நம்பி வந்ததைக் கல்லால் அடித்தவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: மரியபுஷ்பம் செய்ததுதான் சரி. வேதவல்லி தன் மனசு ஆறச் சோறு போட்டாள். அந்தச் சோறுதான் செவலையைத் தண்டவாளத்துக்கு இழுத்தது. பிச்சைமுத்து வாக்கைப் பார்த்தார், அந்த வாக்கு எதற்காகக் கேட்கப்பட்டது என்று பார்க்கவில்லை. அந்தப் பூனை பிழைத்துக் கிடந்தால் போதும், தன்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று துணிந்தவள் மரியபுஷ்பம் மட்டுமே. சரியாகச் செய்தவளுக்கு நிம்மதி கிடைத்திருக்குமே என்று நினைக்காதீர்கள். ஆவடி போய்ச் சேரும்வரை ரயிலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதிரே இருந்த அம்மாள் பொறுக்க மாட்டாமல், வீட்டில் யார் தவறிப்போனது என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா. பொழைச்சுக்கிச்சு" என்றாள் மரியபுஷ்பம்.